துவர்ப்பு தெரிந்த நாக்குக்கு என்ன பயம்?

போன இதழில் இந்தப் பக்கத்தில், பாரிஸ் பத்தாவது வட்டாரத்தில் எங்கள் தெருமுனை ஒயின் கடையில் ஒரு சனிக்கிழமை மாலை ஆறு பிரெஞ்சு சிவப்பு ஒயின்களை வரிசையாகச் சுவைத்துப் பார்த்ததை அரைப் பக்கம் எழுதியிருந்தேன். ஆளுக்கு 45 யூரோ, பன்னிரண்டு பேர். பொழோலேயிலிருந்து ஒரு மோர்கோன், புர்கோஞ் (இங்கிலீஷ்காரர்களுக்கு பர்கண்டி) பக்கத்திலிருந்து ஒரு ஜெவ்ரே-ஷாம்பெர்தான், போர்தோவிலிருந்து ஒரு சாந்த் எமிலியோனும் ஒரு போயாக்கும், ரோன் நதிக்கரையிலிருந்து கோர்னாஸும் ஷாதோநெஃப்-து-பாப்பும். கூடவே துப்புகிற வாளி பற்றி ஒரு வரி, கொட்டிவிட்ட ஒரு பாட்டில் பற்றி ஒரு வரி. அவ்வளவுதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாராட்டு கொஞ்சம், திட்டு கொஞ்சம், மீதி எல்லாம் கேள்வி. இந்த இதழ் முழுக்க அதற்கே போகட்டும்.

ஒயின் ஷாப்பில் நின்று குடித்துவிட்டு வந்ததை ஒரு பண்பாட்டு நிகழ்ச்சி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் பார். என்ன வித்தியாசம்?
– வாசகர், மதுரை

நம் ஊரில் 'ஒயின்ஸ்' என்று போர்டு இருந்த கடைகளில் ஒயினைத் தவிர எல்லாம் கிடைத்தது, அதனால் உங்கள் சந்தேகம் நியாயம்தான். இங்கே ஒயின் கடை என்றால் ஒயின்தான். கடைக்காரரை 'காவிஸ்த்' என்பார்கள். எங்கள் மளிகைக்கடை அண்ணாச்சிக்கு எந்த ஊர்ப் பருப்பு சீக்கிரம் வேகும் என்று தெரிகிற மாதிரி, இவருக்கு எந்த மேட்டில் எந்தத் திராட்சை, எந்த வருஷம் மழை பெய்து கெடுத்தது என்று தெரியும். சுவைக்கும் மாலையில் உட்கார நாற்காலி கிடையாது. ஒரு பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கிளாஸ்கள், ரொட்டித் துண்டு, தண்ணீர், ஒரு வாளி. ஒவ்வொரு ஒயினிலும் ஊற்றுவது 5 சென்டிலிட்டர், அதாவது மூன்று மேசைக்கரண்டியைவிடக் கொஞ்சம் அதிகம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். யாரும் யார் தோளிலும் சாய்ந்து அழவில்லை.

வாளி என்று எழுதியிருந்தீர்களே, அது எதற்கு? துப்புவதற்கா? அவ்வளவு காசு கொடுத்து வாங்கியதைத் துப்புவதா?
– வாசகி, சிங்கப்பூர்

ஆமாம், துப்பத்தான். எனக்கும் முதல் தடவை மனசு வரவில்லை. எச்சில் துப்பினால் அம்மா முதுகில் வைப்பாள் என்று வளர்ந்தவர்கள் நாம். நாலு பேர் முன்னால், அதுவும் கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள் முன்னால் எப்படித் துப்புவது என்று கூச்சப்பட்டு முதல் மூன்றையும் விழுங்கிவிட்டேன். நாலாவதில் தைரியம் வந்து துப்பினேன், பாதி வாளியிலும் பாதி என் சட்டையிலும். சட்டையில் விழுந்தது போயாக். அந்தக் கறை இன்னும் போகவில்லை.

கணக்குப் பாருங்கள். ஆறு ஒயின், 5 சென்டிலிட்டர் வீதம் 30. ஒரு பாட்டிலில் 75 இருக்கிறது. எல்லாவற்றையும் விழுங்கினால் ஐந்தில் இரண்டு பங்கு பாட்டில் உள்ளே போயிருக்கும், 13 அல்லது 14 சதவீத ஆல்கஹாலோடு. நாலாவது கிளாஸ் வரும்போது எதை ஊற்றினாலும் ஆகா என்றுதான் இருக்கும். அப்புறம் எதற்கு 45 யூரோ? ருசியும் மணமும் வாயிலும் மூக்கிலும் நடக்கிற சமாச்சாரம், வயிற்றுக்கு அதில் வேலை இல்லை. வாயில் வைத்து, உதட்டை லேசாகத் திறந்து, சூடான ரசத்தை உறிஞ்சுகிற மாதிரி கொஞ்சம் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். சத்தம் வரும், வரட்டும். அந்தக் காற்றோடு மணம் தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்குக்குப் போகிறது. அப்புறம் உதட்டைக் குவித்துத் துப்பிவிடலாம். வீட்டில் வாஷ்பேசினில் தண்ணீர் வைத்துப் பழகிக்கொண்டு போங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒரு பிரெஞ்சு சிவப்பு ஒயினை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். குடித்ததும் நாக்கு சுருங்கி, ஈறெல்லாம் இழுத்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. கெட்டுப்போன சரக்கைக் கொடுத்துவிட்டார்களா?
– வாசகர், கோவை

இல்லை. நீங்கள் சொன்னதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: துவர்ப்பு. இதைச் சொல்லித்தருவதற்கு இங்கே வகுப்பெடுக்கிறவர்கள் படாதபாடு படுகிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கசப்புக்கும் துவர்ப்புக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். நாமோ வாழைப்பூ, நாவல்பழம், பாக்கு, கடுக்காய் என்று சின்ன வயதிலேயே இந்தப் பாடத்தை முடித்தவர்கள். அறுசுவையில் ஒன்றாக வைத்து எண்ணியவர்கள். ஒரு சிவப்பு ஒயின் மேசையில் தமிழ் நாக்கு பின் பெஞ்சில் உட்கார வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கட்சி.

சரி, அது எங்கிருந்து வருகிறது? திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் என்கிற பொருள் இருக்கிறது. வெள்ளை ஒயினுக்குச் சாற்றை மட்டும் பிழிந்து புளிக்க வைப்பார்கள், சிவப்புக்குத் தோலும் விதையும் சேர்ந்தே ஊறும். நிறமும் அங்கிருந்துதான், துவர்ப்பும் அங்கிருந்துதான், கொஞ்சம் ஓக் மரப் பீப்பாயிலிருந்தும் சேரும். இந்த டானின் நம் எச்சிலில் இருக்கிற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. எச்சிலின் வழவழப்பு போய்விடுகிறது, நாக்கும் கன்னமும் உரசிக்கொள்கின்றன. பால் ஊற்றாத கட்டன்சாயாவை ரொம்ப நேரம் கொதிக்கவிட்டால் வருவதும் இதே சங்கதிதான்.

எல்லாத் திராட்சையிலும் ஒரே அளவு இருக்காது. அன்றைக்கு ஜெவ்ரே-ஷாம்பெர்தானையும் போயாக்கையும் அடுத்தடுத்து வைத்தார் கடைக்காரர், வேண்டுமென்றே. முன்னது பினோ நுவார், மெல்லிய தோல். கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரிகிறது. வாயில் செர்ரிப் பழம், ஈர மண், லேசான துவர்ப்பு, பட்டும் படாமலும் போய்விடுகிறது. பின்னது பெரும்பாலும் கபெர்னே சோவிஞோன், சின்னப் பழம், தடித்த தோல். விரல் தெரியவில்லை, மை மாதிரி இருக்கிறது. வாயில் விட்டதும் கொட்டைப்பாக்கைக் கடித்த மாதிரி ஒரு பிடி, அது அடங்கியபின் பின்னாலிருந்து 'காசிஸ்' என்கிற கறுப்புப் பெர்ரிப் பழ வாசனையும் பென்சில் சீவிய வாசனையும் மெதுவாக வருகின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடிக்காமல் இந்த வித்தியாசத்தை எத்தனை பக்கம் படித்தாலும் புரியாது.

உங்கள் பாட்டில் அநேகமாக இளசு. வருஷம் போகப்போக டானின் ஒன்றோடொன்று சேர்ந்து பாட்டிலின் அடியில் மண்டியாக இறங்கும், துவர்ப்பு அடங்கும். அதுவரை பொறுமை இல்லையென்றால் கொழுப்புள்ள ஆட்டுக்கறியோடு குடித்துப் பாருங்கள், பிடி தளர்ந்துவிடும். இன்னொன்று, 'ரூம் டெம்பரேச்சரில் பரிமாறவும்' என்றால் கோவை வீட்டின் ஏப்ரல் மாத ரூம் அல்ல. 16, 17 டிகிரி. அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள்.

கிளாஸைச் சுழற்றுவது ஸ்டைலுக்குத்தானே?
– வாசகர், சேலம்

சிலருக்கு ஸ்டைலுக்கு. மற்றபடி, சுழற்றினால் ஒயின் கிளாஸின் சுவரெல்லாம் பரவி மணம் அதிகமாக எழும்பும். சுழற்றுவதற்கு முன் ஒருமுறை, சுழற்றியபின் ஒருமுறை முகர்ந்து பாருங்கள், நீங்களே ஒத்துக்கொள்வீர்கள். ஆனால் கிளாஸில் கண்ணீர் மாதிரி வழிகிற கோட்டைக் காட்டி 'உயர்ந்த ரகம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ஆல்கஹால் ஆவியாவதால் வருவது, தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மிளகு, புகையிலை, தோல், காளான் என்றெல்லாம் வர்ணிக்கிறார்களே, இதையெல்லாம் உள்ளே போடுகிறார்களா, இல்லை கதை விடுகிறார்களா?
– வாசகர், டொரொண்டோ

போடுவதில்லை. கதையும் கொஞ்சம் உண்டு, ஆனால் மிளகு கதை இல்லை.

எங்கள் மாடியில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருக்கிறார். இருபது வருஷத்துக்கு மேலாக ரெஸ்டாரன்ட் சமையலறையில் வேலை. அன்றைக்கு வற்புறுத்தி அவரையும் கூட்டிப்போனேன். ஐந்து ஒயின் வரை வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் 'வட்டமாக இருக்கிறது', 'நேர்த்தியாக இருக்கிறது' என்று பிரெஞ்சில் அடித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியாக கோர்னாஸ் வந்தது. அண்ணை மூக்கை உள்ளே விட்டார், நிமிர்ந்தார், என் காதுக்குள், "தம்பி, இதுக்குள்ள மிளகு இடிச்சுப் போட்டிருக்கினமோ?" என்றார். நான் அதை பிரெஞ்சில் சொன்னதும் கடைக்காரர் பாட்டிலை வைத்துவிட்டு வந்து அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கோர்னாஸ் முழுக்க முழுக்க சிரா என்கிற திராட்சை. அதன் தோலில் ரோட்டன்டோன் என்று ஒரு சேர்மம் இருக்கிறது. நம் வீட்டு மிளகுக்கு அந்தக் கார மணத்தைக் கொடுப்பதும் அதே ரோட்டன்டோன்தான். ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி செய்து 2008-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இதில் வேடிக்கை, ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் தெரியவே தெரியாது, மூக்கில் அதற்கான வாசல் இல்லை. அன்றைக்கு என் பக்கத்தில் நின்ற அம்மாள் கடைசிவரை 'எங்கே மிளகு, எங்கே மிளகு' என்று தேடிக்கொண்டே இருந்தார். ஆக, கடையில் யாராவது ஒரு வாசனையைச் சொல்லி உங்களுக்கு வரவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். அவர்கள் 'காசிஸ்' என்றால் நீங்கள் 'நாவல்பழம்' என்று சொல்லுங்கள். அவர்களின் தோட்டத்தில் இருப்பதை அவர்கள் சொல்கிறார்கள், நம் தோட்டத்தில் இருப்பதை நாம் சொல்வோம்.

பிரெஞ்சு லேபிளைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. 'கிரான் க்ரூ', '1855' என்றெல்லாம் போட்டிருக்கிறதே, எதை நம்பி வாங்குவது?
– வாசகி, சென்னை

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். போர்தோவில் தரம் பிரிப்பது பண்ணைக்கு. புர்கோஞில் தரம் பிரிப்பது மண்ணுக்கு.

1855-ல் பாரிஸில் உலகப் பொருட்காட்சி நடந்தது. மூன்றாம் நெப்போலியன் காலம். போர்தோ ஒயினைக் காட்சிக்கு வைக்கப் பட்டியல் வேண்டும் என்று கேட்க, அங்கிருந்த தரகர்கள் தங்கள் பேரேடுகளைப் பார்த்து, எந்தப் பண்ணையின் சரக்கு பல வருஷமாக என்ன விலைக்குப் போயிருக்கிறது என்பதை வைத்து ஐந்து வகுப்பாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். கவனியுங்கள், யாரும் உட்கார்ந்து ருசி பார்த்து மார்க் போடவில்லை, விலைதான் மார்க். முதல் வகுப்பில் நாலே பேர்: லாஃபித், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன். இன்றுவரை மேல்வகுப்புக்கு ஏறியது ஒரே ஒரு பண்ணை, மூத்தோன் ரோத்ஷில்ட், 1973-ல் இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு. நூற்றெழுபது வருஷம் முன்னால் போட்ட ராங்க் கார்டை இன்னும் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். நான் சுவைத்த போயாக் ஐந்தாம் வகுப்பு, 2010-ஆம் வருஷத்துச் சரக்கு. ஐந்தாம் வகுப்பு என்றதும் இளக்காரமாக நினைக்க வேண்டாம், அதற்கே பாட்டில் நூறு யூரோவைத் தாண்டும்.

புர்கோஞில் கதை வேறு. அங்கே கோத் தோர் என்று ஐம்பது கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சரிவு. மடாலயத்துத் துறவிகள் நூற்றாண்டுக் கணக்கில் அதைக் கொத்தி, எந்த வயலில் எது நன்றாக வருகிறது என்று பார்த்துப் பார்த்து வேலி போட்டு வைத்தார்கள். வயலுக்கு வயல் பெயர், வயலுக்கு வயல் தரம். அடியில் வட்டார ஒயின், அதற்கு மேல் ஊர்ப் பெயர், அதற்கு மேல் 'பிரெமியே க்ரூ', உச்சியில் 'கிரான் க்ரூ'. ஷாம்பெர்தான் என்பது அப்படி ஒரு புகழ்பெற்ற வயல். அதன் பக்கத்து ஊர் வெறும் ஜெவ்ரேயாகத்தான் இருந்தது, 1847-ல் வயலின் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஊர்ப் பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொள்கிற மனிதரைப் பார்த்திருக்கிறோம், இது வயலை இனிஷியலாகப் போட்டுக்கொண்ட ஊர். அதனால் லேபிளில் ஜெவ்ரே-ஷாம்பெர்தான் என்றிருந்தால் அது ஊர் ஒயின். வெறும் ஷாம்பெர்தான் என்று மட்டும் இருந்தால் மணிபர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கேயும் ஒரு சிக்கல், பாகப்பிரிவினை. முதலாம் நெப்போலியன் போட்ட சட்டப்படி எல்லாப் பிள்ளைக்கும் பங்கு. குளோ த வூஜோ என்று ஒரே மதிலுக்குள் சுமார் 50 ஹெக்டேர் கிரான் க்ரூ நிலம், அதற்கு இன்றைக்கு எண்பது பேர் அளவுக்குச் சொந்தக்காரர்கள். ஒருவர் ஒழுங்காகச் செய்வார், இன்னொருவர் பெயரை வைத்தே ஓட்டுவார். லேபிள் ஒன்றுதான். அதனால்தான் அந்த ஊர் ஒயினில் வயலின் பெயரைவிடச் செய்தவரின் பெயரைப் பார் என்று கடைக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறார்கள்.

'கிரான் வேன் த போர்தோ' என்று தங்க எழுத்தில் இருந்தால் அதற்குப் பெரிதாக அர்த்தம் இல்லை. 'வியேய் வீஞ்', பழைய கொடி, இதற்கும் எத்தனை வயது என்று சட்டத்தில் கிடையாது. 'சாந்த் எமிலியோன் கிரான் க்ரூ' வேறு, கடைசியில் 'க்ளாஸே' சேர்ந்தது வேறு. பின்னதுதான் தரப்பட்டியலில் இருப்பது.

விலை ஏற ஏற ருசியும் ஏறுமா? உண்மையைச் சொல்லுங்கள்.
– வாசகர், திருச்சி

10 யூரோவிலிருந்து 25 வரைக்கும் ஏறும், நன்றாகவே தெரியும். 25-லிருந்து 60 வரை சில சமயம். அதற்கு மேல் நீங்கள் கொடுப்பது ருசிக்குக் குறைவு, அரிதுக்கு அதிகம். இது என் நாக்கின் தீர்ப்பு, கோர்ட்டுக்கு இழுக்காதீர்கள். ரோமானே-கோன்தி என்கிற வயல் மொத்தமே 1.8 ஹெக்டேர், நாலரை ஏக்கர்கூடத் தேறாது. வருஷத்துக்கு ஐயாயிரம் ஆறாயிரம் பாட்டில். உலகம் பூராவும் பணக்காரர்கள் அதற்கு வரிசையில் நிற்கிறார்கள். 2018-ல் நியூயார்க் ஏலத்தில் 1945-ஆம் வருஷத்து ரோமானே-கோன்தி ஒரு பாட்டில் 5,58,000 டாலருக்குப் போனது. அந்த வருஷம் செய்ததே 600 பாட்டில், அதன்பின் பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். இதில் ருசி எங்கே வந்தது?

கண் செய்கிற வேலையும் இருக்கிறது. 2001-ல் வெளிவந்த ஒரு சோதனை: போர்தோவில் ஒயின் படிப்பு படிக்கிற 54 பேருக்கு, வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்கு எழுதுகிற வாசனைகளையே எழுதிக்கொடுத்தார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கே இந்தக் கதி.

அப்புறம், ஒயின் கடை என்று பேசும்போது இதைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்டீவன் ஸ்பரியர் என்று ஓர் இங்கிலாந்துக்காரர், இதே பாரிஸில் மத்லேன் பக்கம் ஒயின் கடை வைத்திருந்தார். 1976 மே 24 அன்று ஒன்பது பிரெஞ்சு நிபுணர்களை ஒரு ஹோட்டலுக்கு அழைத்து, போர்தோவின் நாலு பெரிய ஒயின்களையும் கலிபோர்னியாவின் ஆறு ஒயின்களையும் லேபிள் தெரியாமல் ஊற்றிக் கொடுத்தார். பிரான்ஸ்தான் ஜெயிக்கும் என்று அவருக்கே நினைப்பு. கூட்டிப் பார்த்தால் முதலிடம் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973. மூத்தோன் 1970 இரண்டாவது. வெள்ளை ஒயினிலும் கலிபோர்னியாதான். பிரெஞ்சுக்காரர்கள் அவர்மேல் கொஞ்ச காலம் முறைப்பாகவே இருந்தார்கள். எங்கள் கடைக்காரர் இதைச் சொல்லும்போது இன்றைக்கும் குரல் தாழ்த்தித்தான் சொல்கிறார். ஆனால் பாட்டிலுக்குச் சாக்ஸ் மாட்டி ஒளித்து ஊற்றுகிற பழக்கத்தை விடவில்லை. அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது எது தெரியுமா, ஆறிலும் மலிவான மோர்கோன். சாக்ஸைக் கழற்றியதும் பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். 18 யூரோ, இரண்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

நாங்கள் சுத்த சைவம். ஒயின் திராட்சைதானே, சைவம்தானே?
– வாசகி, கும்பகோணம்

திராட்சைதான், ஆனால் இடையில் முட்டை வரலாம். நல்ல போர்தோ சிவப்பைத் தெளிவாக்க முட்டையின் வெள்ளைக்கருவை அடித்துப் பீப்பாயில் ஊற்றுவது பழைய வழக்கம். முன்னே சொன்ன டானின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றேனே, அதே கூத்துதான் பீப்பாயிலும். வெள்ளைக்கரு முரட்டு டானினைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும், மேலே உள்ளதை வடித்துக்கொள்வார்கள். போர்தோவின் 'கனெலே' என்கிற இனிப்பு, மிச்சமான மஞ்சள்கருவை என்ன செய்வது என்று பிறந்தது என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். ஜெலட்டின், பால்புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசைகூட உபயோகிப்பது உண்டு. இதெல்லாம் இல்லாமல் களிமண்ணோ பட்டாணிப் புரதமோ போட்டுத் தெளிய வைப்பவர்களும், தானாகத் தெளியட்டும் என்று விடுபவர்களும் இருக்கிறார்கள். லேபிளில் 'வீகன்' என்று இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள்.

தனியாக ஒரு பெண் இந்த மாதிரி நிகழ்ச்சிக்குப் போகலாமா? புதிதாக லியோனுக்கு வந்திருக்கிறேன். எப்படி நடந்துகொள்வது?
– வாசகி, லியோன்

தாராளமாகப் போங்கள் அம்மா, எங்கள் கடையில் பாதிக்கு மேல் பெண்கள்தான். உள்ளே நுழைந்ததும் 'போன்சுவார்' (மாலை வணக்கம்) சொல்லிவிடுங்கள், இந்த ஊரில் அதைச் சொல்லாமல் போனால் எது கேட்டாலும் பதில் வராது. சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள், மல்லிகைப்பூ வைத்துக்கொண்டும் வேண்டாம், பன்னிரண்டு பேரின் மூக்கும் உங்கள் கூந்தலைத் தேடி வந்துவிடும். மத்தியானம் பிரியாணி சாப்பிட்டிருந்தால் பல் தேய்க்காமல் வாயை மட்டும் கொப்பளித்துக்கொண்டு போங்கள், பற்பசைக்குப் பின் ஒயின் கொடுமை. கிளாஸைக் காம்பில் பிடியுங்கள். ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: துப்பிய பிறகு ருசி எத்தனை விநாடி நிற்கிறது. இங்கே அதற்கு ஓர் அளவே வைத்திருக்கிறார்கள், ஒரு விநாடி என்றால் ஒரு 'கோதலி'. மூன்று நாலில் மறைந்தால் சாதாரணம். பத்தைத் தாண்டினால் வாங்கலாமா என்று யோசிக்கலாம்.

லியோனில் இருக்கிறீர்கள், வடக்கே பொழோலே, தெற்கே ரோன். இதற்குமேல் என்ன வேண்டும்?

ஒரு பாட்டில் 'கார்க் பிடித்துவிட்டது' என்று கொட்டினார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால்?
– வாசகர், கொழும்பு

ஜெவ்ரே பாட்டிலின் கார்க்கைப் பிடுங்கி முகர்ந்ததுமே கடைக்காரரின் முகம் மாறிவிட்டது. எனக்கும் ஊற்றிக் காட்டினார். மழைக்காலத்தில் நனைந்த சாக்கை மூலையில் சுருட்டிப் போட்டால் வருமே, அந்த வாடை. கார்க் என்பது ஒரு மரப்பட்டை, அதில் பூஞ்சணத்தின் வேலையால் டிசிஏ என்று ஒரு சேர்மம் உண்டாகிறது. லிட்டருக்கு ஒரு சில நானோகிராம் போதும், பழ வாசனையை மொத்தமாக அமுக்கிவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ருசிதான் போச்சு. யார் செய்த ஒயினுக்கும் நேரலாம், விலை பார்த்து வருவதில்லை. இரண்டாவது பாட்டில் திறந்தார், நன்றாக இருந்தது. நல்ல கடை என்றால் திருப்பிக் கொண்டுபோனால் மாற்றித் தருவார்கள், மிச்சத்தைக் கொட்டாமல் கொண்டுபோக வேண்டும்.

குடி குடியைக் கெடுக்கும் என்று பாட்டிலிலேயே எழுதி விற்கிற மாநிலத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் இதை அழகாக்கி எழுதுவது சரியா?
– வாசகர், விருதுநகர்

உங்கள் கோபத்துக்கு எதிராக நான் வாதாடப்போவதில்லை. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று தொண்ணூறுகளில் ஒரு பேச்சு கிளம்பியது, அதை நம்பிக் குடிக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது, பாதுகாப்பான அளவு என்று ஒன்று மதுவில் கிடையாது என்று. பிரான்ஸிலும் 1991-லிருந்து மது விளம்பரத்துக்குக் கடுமையான சட்டம் இருக்கிறது, விளம்பரத்தில் எச்சரிக்கை வாசகம் போட்டே ஆக வேண்டும். குடிக்காதவர் யாரையும் குடிக்கச் சொல்லி இந்தப் பக்கம் எழுதவில்லை. குடிப்பழக்கத்தால் ஒரு வீடு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஒருவேளை அதனால்தான் எனக்கு வாளி பிடித்திருக்கிறதோ என்னவோ.

என் மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். 1989-ல் கொண்டுவந்த ஒரு போர்தோ பாட்டில் எங்கள் வீட்டு ஷோகேஸில் நிற்கிறது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். திறக்கலாமா?
– வாசகர், புதுச்சேரி

சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களுக்குப் புதுவையில் அதுதான் பெயர்) வீட்டு ஷோகேஸ்! எனக்கு அந்த அலமாரி நன்றாகத் தெரியும், மெடல், ஈஃபில் டவர் பொம்மை, நடுவில் பாட்டில். உண்மையைச் சொன்னால், நம்பிக்கை குறைவு. ஒயினுக்கு 12 டிகிரி, இருட்டு, படுக்கை வாக்கு வேண்டும். உங்களுடையது முப்பது வருஷத்துக்கு மேல் புதுவை வெயிலில் நின்றுகொண்டிருக்கிறது. நின்றதால் கார்க் காய்ந்திருக்கும், காற்று உள்ளே போயிருக்கும். கார்க் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா, கழுத்தில் ஒழுகிய கறை இருக்கிறதா, மட்டம் தோளுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் உள்ளே வினிகர்தான்.

ஆனாலும் திறங்கள். ஷோகேஸில் அது இன்னும் கெட்டுத்தான் போகும். இரண்டு நாள் அசைக்காமல் நிறுத்தி வையுங்கள். திருகியை மெதுவாக இறக்குங்கள், பழைய கார்க் உதிரும், உதிர்ந்தால் காபி வடிகட்டியில் வடித்துக்கொள்ளலாம். ஒரு மெழுகுவர்த்தியைப் பாட்டில் கழுத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வேறொரு கண்ணாடிக் குடுவைக்குக் கையெடுக்காமல் சாய்த்து ஊற்றுங்கள். ரசத்தில் மண்டி கலங்காமல் தெளிவை மட்டும் ஊற்றத் தெரிந்தவர் வீட்டில் யார் இருக்கிறாரோ அவரிடம் கொடுங்கள், உங்கள் மனைவியோ மாமியாரோ, அப்பாவுடைய பாட்டில், அவர்கள் கையாலேயே ஊற்றட்டும். கழுத்தில் கறுப்பு மண்டி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். உடனே முகருங்கள், பழைய ஒயினாக இருந்தால் பத்து நிமிஷத்தில் மணம் ஓடிவிடும்.

என்ன வந்தது என்று எழுதுங்கள். வினிகர் என்றாலும் எழுதுங்கள்.